பள்ளி ஆண்டில் தமிழ்ப் பாடவேளை



தமிழ்மொழிக் கல்வி குறித்த மேடைகளில் நாம் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். பாடநூலையும் தேர்வையும் பற்றிப் பேசுகிறோம். வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் கால அட்டவணையைப் பற்றிப் பேசுவது அரிது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வாழும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோருள் ஐந்தும் அதற்கு மேலும் வயதுடையவர்களில், வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பத்தாண்டுகளுக்கு முன் அவ்விகிதம் 3.3 ஆக இருந்தது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு, அட்டவணையில் உள்ள பாடவேளையே தமிழோடு பழகும் நேரம். ஆகவே, அந்நேரம் எத்தனை மணி என்பதோடு, அது வாரத்தில் எங்கே விழுகிறது, ஆண்டில் எங்கே அறுபடுகிறது என்பதையும் நாம் ஆராய வேண்டும். இவ்வுரையின் பொருள் அதுவே.

அட்டவணை முழுவதும் தமிழாகவே இருந்த காலமும் இந்நாட்டில் உண்டு. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் வரலாறும் தமிழிலேயே கற்பிக்கப்பட்டன. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமாயிற்று. ஆங்கிலவழிப் பள்ளிகளை நோக்கிப் பெற்றோர் திரும்பினர். மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 1982இல் உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அப்பெயரிலேயே தமிழ்மொழி நிலையம் தொடங்கியது. பள்ளி நாள் முழுவதும் பரவியிருந்த தமிழ், வாரத்தில் சில பாடவேளைகளுக்குள் அடங்கிற்று. அச்சில பாடவேளைகளின் மதிப்பை இவ்வரலாறே நமக்கு உணர்த்துகிறது.

அவை எவ்வாறு அமைகின்றன என்று காண்போம். உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு நிலையின் எல்லா வகுப்புகளுக்கும் தாய்மொழிப் பாடம் பொதுவாக ஒரே நேரத்தில் வைக்கப்படுகிறது. மணி அடித்ததும் வகுப்பு கலைகிறது. சீனம், மலாய், தமிழ் கற்போர் தத்தம் அறைகளுக்குச் செல்கின்றனர். இவ்வேற்பாட்டினால் தமிழுக்குப் பெரும் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. பெரும்பான்மையினர் கற்கும் மொழிக்குரிய நேரத்தோடு தமிழின் நேரமும் பிணைந்திருப்பதால், மாணவர் சிலரே உள்ளனர் என்ற காரணம் காட்டி அதை எவரும் குறைக்க இயலாது. பள்ளி நாளின் நடுவே, மற்றப் பாடங்களுக்கு நிகராக, தமிழ் நிற்கிறது.

எனினும் இந்த ஏற்பாடு தமிழாசிரியர் மீது சுமத்தும் பாரமும் பெரிது. ஒரு பள்ளியில் தமிழாசிரியர் ஒருவரே இருப்பதாகக் கொள்வோம். உயர்நிலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் தாய்மொழி நேரம் ஒன்றாக விழுந்தால் அவர் எந்த அறையில் இருப்பார்? ஆகவே அட்டவணை தயாரிப்பவர் ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு நேரம் ஒதுக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்கினாலும், ஒரே நிலையில் உயர்தமிழ் கற்பவரும் அடிப்படை நிலையில் தமிழ் கற்பவரும் ஒரே வேளையில் வந்து அமர்வர். சீன வகுப்புக்கு ஆசிரியர் பலர் உண்டு, பிரித்துக்கொள்ளலாம். தமிழ் வகுப்பில் ஒருவரே இரண்டு மூன்று பாடங்களை ஒரு பாடவேளைக்குள் நடத்த நேரிடுகிறது. அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று எழுதப்பட்டிருந்தாலும், அங்கு ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்கும் ஆசிரியரின் நேரம் அதைவிடக் குறைவு.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து பாட அடிப்படையிலான முழுமையான வகைப்படுத்தல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு வகுப்பில் பலதிறப்பட்டோர் கூடியிருந்து, ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்திற்கேற்ற நிலைகளில் பயில்கின்றனர். கணித வேளையிலும் ஆங்கில வேளையிலும் வகுப்பு கலைந்து மீண்டும் கூடுகிறது. தாய்மொழி வகுப்பில் நாம் பல்லாண்டுகளாகப் பழகிய முறை இன்று பிற பாடங்களுக்கும் வந்துவிட்டது. பலநிலை மாணவரை ஓர் அறையில் வைத்து நடத்திய தமிழாசிரியரின் பட்டறிவு, ஏனைய ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடியது.

இனி, தம் பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லாத மாணவரை எண்ணிப் பார்ப்போம். அவர் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்திற்கோ, வேறொரு பள்ளியில் அமைந்த தமிழ்மொழி நிலையத்திற்கோ செல்கிறார். நண்பர்கள் தாய்மொழி வகுப்பில் இருக்கும் நேரம் அவருக்கு வெற்று நேரம். நண்பர்கள் திடலில் இருக்கும் நேரம் அவருக்குத் தமிழ் நேரம். இணைப்பாட நடவடிக்கை ஒரு பக்கம் இழுக்க, பயணக் களைப்பு மறுபக்கம் வருத்த, அவர் தமிழை வந்தடைகிறார். அவருடைய தமிழ், நாள்தோறும் சிறிது சிறிதாக வராமல், வாரத்தின் ஓரிரு பிற்பகல்களில் நீண்ட பொழுதாகத் திரண்டு வருகிறது.

இத்திரட்சி கற்றலுக்கு உகந்ததன்று. ஜெர்மானிய உளவியலாளர் எர்மான் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில் இரண்டு உண்மைகளைக் காட்டினார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைந்து மறந்துபோகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைக் காட்டிலும், இடைவெளி விட்டுப் பல நாட்களில் படிப்பது நினைவில் நிலைக்கிறது. செடிக்கு வாரம் முழுவதற்குமான நீரை ஒரே நாளில் ஊற்றுவோர் இல்லை. மொழிக்கும் அதுவே நெறி.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் தமிழ் கற்பவருக்கு அந்த நாள் எதுவென்பதும் பொருட்டாகிறது. பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மறுநாள் திங்கள் விடுமுறையாகிறது. இளையர் தினத்திற்கான பள்ளி விடுமுறையும் ஜூலையில் ஒரு திங்கட்கிழமையே. புனித வெள்ளியும் ஆசிரியர் தினமும் வெள்ளிக்கிழமைகளை எடுத்துக்கொள்கின்றன. புதன்கிழமை மாணவரும் திங்கட்கிழமை மாணவரும் ஒரே பாடத்திட்டத்தைப் பயின்றாலும், ஆண்டிறுதியில் அவர்கள் பெற்ற வகுப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இராது. ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று அட்டவணையை மாற்றியமைக்கும் பள்ளிகளிலும் இத்தகைய வேறுபாடு எழக்கூடும்.

வாரத்திலிருந்து ஆண்டுக்கு வருவோம். நம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பத்து வாரங்கள் கொண்ட நான்கு தவணைகளாகப் பிரிகிறது. மார்ச்சில் ஒரு வாரமும், ஜூனில் நான்கு வாரங்களும், செப்டம்பரில் ஒரு வாரமும், ஆண்டிறுதியில் ஆறு வாரங்களும் விடுமுறை. கணிதமும் விடுமுறையில் மறக்கும். ஆயினும் கடையில், பேருந்தில், தொலைபேசியில் ஆங்கிலம் ஓய்வதில்லை. வீட்டில் தமிழ் வழங்காத பிள்ளைக்கோ ஆறு வார விடுமுறை ஆறு வார மௌனமாகிவிடுகிறது. வாய் பழகாத சொல் முதலில் நழுவுகிறது. படிக்கும் வேகம் பின்னர் குறைகிறது.

2007 முதல் ஏப்ரலில் தமிழ்மொழி விழா கொண்டாடப்படுகிறது. பேச்சு, நாடகம், விவாதம் எனப் பள்ளிகள் களைகட்டுகின்றன. அது இரண்டாம் தவணையின் காலம். மூன்றாம் தவணையில் தேர்வு நெருக்கம் தொடங்கிவிடுகிறது; நான்காம் தவணையில் தேர்வைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஏப்ரலில் மேடையேறிய நாவுக்கு ஆகஸ்டிலும் ஒரு சிறு மேடை வேண்டாமா?

கடலிடுக்குக்கு அப்பால் மலேசியாவை நோக்கினால் நம் நிலை மேலும் தெளிவாகும். அங்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். வகுப்பு கிடைத்த பின்னரும் அது அட்டவணைக்குள் நடைபெறுமா, பள்ளி முடிந்த பின் நடைபெறுமா என்பது பல இடங்களில் தனிப் போராட்டமாகவே இருந்துள்ளது. கற்கும் உரிமை கிடைப்பது ஒரு படி. உரிய நேரம் கிடைப்பது அடுத்த படி. இரண்டையும் பெற்றிருப்போர் அந்நேரத்தை நன்கு ஆளக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் செய்யக்கூடியவை என்ன? முதலாவது, வாரம் ஒருமுறை வகுப்புள்ள மாணவருக்கு வீட்டுப்பாடத்தை ஒரே மூட்டையாகக் கட்டித் தராமல், நாளுக்குப் பத்து நிமிடமாகப் பிரித்துத் தரலாம். ஒரு நாள் ஒரு செய்தியைக் கேட்டல். மறுநாள் அதை ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்தல். அடுத்த நாள் ஐந்து வரி எழுதுதல். இரண்டாவது, நீண்ட விடுமுறைக்குப் பிந்திய முதல் வாரத்தைப் பேச்சுக்கு ஒதுக்கலாம். புதிய பாடத்தைத் தொடங்குமுன் நாவின் துருவைப் போக்குவது நேர இழப்பாகாது. மூன்றாவது, அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டதால் மே மாதத்தில் நேரம் விடுபட்டிருக்கிறது. அதைக் கூடுதல் பயிற்சித்தாள்களால் நிரப்பாமல், வாசிப்பிற்கும் உரையாடலுக்கும் அளிப்போம்.

அட்டவணை தயாரிப்போரிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அவர்கள் பணி எளிதன்று. அறைகள், ஆசிரியர்கள், ஆய்வகங்கள் அனைத்தையும் பொருத்த வேண்டியவர்கள். ஆயினும் அட்டவணை முடிவான பின் குறை கூறுவதைவிட, அடுத்த ஆண்டுக்கான வரைவு தயாராகும்போதே தமிழாசிரியர் தம் கருத்தைத் தெரிவிப்பது நன்று. கிடைக்கும் மொத்த நேரம் மாறாவிட்டாலும், இரட்டைப் பாடவேளை ஒன்றை இரண்டு நாட்களுக்குப் பிரித்து வைப்பதே ஒரு வகுப்பின் போக்கை மாற்றக்கூடும்.

மாணவச் செல்வங்களே, பள்ளி தரும் அட்டவணை நாற்பது வாரங்களுக்கு உரியது. எஞ்சிய பன்னிரண்டு வாரங்களின் அட்டவணையை எழுத வேண்டியவர்கள் நீங்கள். தாத்தா பாட்டியோடு ஒரு தொலைபேசி உரையாடல், நூலகத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு, நண்பருக்குத் தமிழில் அனுப்பும் ஒரு செய்தி என்று நாளுக்கு ஒன்று போதும். ஜனவரியில் நீங்கள் வகுப்பறைக்குத் திரும்பும்போது, ஆசிரியர் விட்ட இடத்திலிருந்தே தொடங்க முடிந்தால், அதுவே அவருக்கு நீங்கள் தரும் புத்தாண்டுப் பரிசு.