ஊர் வகுக்கும் கல்வி



தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது பொறியியலையும் மருத்துவத்தையும் தாண்டிச் செல்வது அரிது. நகர, வட்டார அமைப்பில் முதுநிலைப் பட்டம் ஒன்று உண்டு என்பதும், கலைத்துறையில் பயின்றவருக்கும் அதன் கதவு அடைபடவில்லை என்பதும் பலர் செவிக்கு எட்டவில்லை. அது குறித்தே இன்று பேச விழைகின்றோம்.

மொழிபெயர்ப்பை ஊழியமாகக் கொண்ட நமக்கு இத்துறையில் முதல் தொல்லை சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பிளான், ஸ்கீம், பிராஜெக்ட் ஆகிய மூன்றையும் தமிழில் ‘திட்டம்’ என்றே எழுதிவிடுகிறோம். ஒரு பாலம் கட்டுவது பிராஜெக்ட். ஒரு நகரத்தில் எந்த நிலம் குடியிருப்புக்கு, எது கடைவீதிக்கு, எது தொழிற்சாலைக்கு என்று இருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டி வகுப்பது பிளான். பின்னது வெறுங்காகிதம் போலத் தோன்றும். ஆயினும் சட்ட வலிமை உடையது.

தில்லியில் வாழ்ந்தோர் அவ்வலிமையைக் கண்ணாரக் கண்டனர். அந்நகரின் முதல் முழுமைத் திட்டம் 1962ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. குடியிருப்புக்கென வரைபடத்தில் ஒரு நிறம், வாணிகத்துக்கென வேறொரு நிறம். மக்களோ வீட்டின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்தனர். முன்னறையில் தையல் இயந்திரம் போட்டனர். பல்லாண்டுகள் ஒருவரும் கேட்கவில்லை. 2006இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையின்படி, குடியிருப்புப் பகுதிகளில் விதிக்கு மாறாக நடந்த கடைகளுக்குப் பூட்டும் அரக்கு முத்திரையும் விழுந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த புதிய திட்டம், வீடும் கடையும் கலந்த பயன்பாட்டுக்குப் பல தெருக்களில் இடம் கொடுத்தது. விதியை மீறியது பிழைதான். ஆனால் தெருவின் நடப்பை அறியாமல் தீட்டிய நிறமும் ஒருவர் பிழைப்பைப் பறிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆகவேதான் இப்படிப்பில் முதல் பாடம் வரைவது அன்று, பார்ப்பது. 1914இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், சென்னை மாகாண நகரங்களையும் நேரில் ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அகன்ற நேர்ச்சாலை போடுவதே முன்னேற்றம் என்று அந்நாளைய அதிகாரிகள் எண்ணினர். அவரோ, பாழடைந்த வீடுகள் சிலவற்றை மட்டும் அகற்றிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய்தால் போதும், செலவும் குறையும் என்றார். தெரு தெருவாய் நடந்த பிறகே அதைச் சொன்னார்.

இன்றும் இரண்டாண்டுப் படிப்பில் பெரும் பொழுதை விழுங்குவது ‘ஸ்டூடியோ’ என்னும் செய்முறைப் பயிற்சியே. மெய்யான ஓர் ஊரை மாணவர் குழுவிடம் ஒப்படைப்பார்கள். எத்தனை குடும்பங்களுக்கு ஒரு குழாய், வேலைக்குச் செல்பவர் எவ்வளவு தொலைவு செல்கிறார், மழைநீர் எங்கே தேங்குகிறது என்று வீடு வீடாகக் கேட்டறிந்து, அதன் பின்னரே வரைபடத்தில் கை வைக்க வேண்டும். அடுக்களைக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே இந்தியோ மராத்தியோ வங்காளியோ பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு சாதகம் என்றே கருதுகின்றோம். வாசற்படியில் நின்று அயலார் மொழியில் பேச்சைத் தொடங்க அவர்களுக்குக் கூச்சம் இராது.

வட்டார அமைப்பு இன்னும் விரிந்தது. தில்லியின் குடிநீர் அண்டை மாநிலங்களின் வழியே வருகிறது; அதன் ஊழியர் பலர் காஜியாபாதிலும் பரீதாபாதிலும் உறங்குகின்றனர். நகர எல்லைக்குள் மட்டும் கணக்குப் போட்டால் விடை தவறும் என்பதாலேயே 1985இல் தேசியத் தலைநகர வட்டாரத்துக்கெனத் தனி வாரியமும் சட்டமும் வந்தன.

வேலை கிடைக்குமா என்று தகப்பனார்கள் கேட்பது நியாயமே. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி நாட்டின் 7,933 நகர்ப்புற ஊர்களில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை. மாநிலத் துறைகளில் ஒப்புதல் பெற்ற நகரமைப்பாளர் பணியிடங்கள் 3,945 மட்டும்; அவற்றிலும் 42 விழுக்காடு காலி. தேவை மிகுதி, நியமனம் குறைவு என்பதே நிலை. சில மாநிலங்களில் அப்பணிக்கு இப்பட்டம் கட்டாயத் தகுதியாகவும் இல்லை என்று அதே அறிக்கை குறைப்பட்டுக்கொள்கிறது. அரசுப் பணி ஒன்றையே நம்பிச் சேர்வோர் இதை அறிந்து சேர்வது நலம்.

1959இல் இன்றைய பெயரும் உருவும் பெற்ற தில்லித் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி, 2008இல் தோன்றிய போபால், விஜயவாடாப் பள்ளிகள், கரக்பூர் ஐ.ஐ.டி., சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இக்கல்வி உண்டு. கட்டடக்கலை, கட்டடப் பொறியியல், திட்டமிடல் ஆகியவற்றில் பட்டம் பெற்றோர் நேரே சேரலாம். கலைத்துறையினருக்குப் பொதுவாகப் பொருளியல், புவியியல், சமூகவியல் போன்றவற்றில் முதுகலைப் பட்டம் வேண்டும், பி.ஏ. மட்டும் போதாது. ‘கேட்’ தேர்வில் கட்டடக்கலையும் திட்டமிடலும் ஒரே தாளில் அமைந்துள்ளன. எனினும் ஒரு பகுதியில் திட்டமிடல் வினாக்களை மட்டும் தேர்ந்து எழுத வழியுண்டு. எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறுவதால், அவ்வாண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்த பின்னரே விண்ணப்பம் எழுதுக.