உக்கிய கல்லின் கணக்கு



கல்லை நிலைபேற்றுக்கு உவமையாகக் கூறுதல் நம் வழக்கு. திருகோணமலையிற் கோணேசர் கோயில் கொண்ட குன்று கடலலைகளை எதிர்த்து நிற்கும் காட்சி அவ்வழக்கை வலியுறுத்துவது போலவே தோன்றும். ஆயினும், கரையினின்றும் சற்று உள்ளே சென்று கிணறு தோண்டுவோரைக் கேட்டால் அவர்கள் வேறொன்று சொல்வார்கள். மேலே மண், அதன் கீழே மண்வெட்டிக்கு உதிரும் உக்கிய கல், அதற்கும் கீழேதான் உளிக்கும் அசையாத கருங்கல். உக்கிய கல்லை உற்று நோக்கினால், கருங்கல்லிற் காணும் அதே வரிகளும் பட்டைகளும் அதிலும் இருக்கும். உருவம் மாறவில்லை; உறுதி மட்டும் போய்விட்டது. அங்ஙனமாயின் கல்லை விட்டுப் போனவை எவை? எவ்வளவு போயின? எங்கே போயின? இவ்வினாக்களுக்கு விடை காணும் முறையையே இன்று கூற விரும்புகின்றேன்.

இப்பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. மேலே வந்து மழைநீரைச் சந்தித்ததும் அவற்றின் வாழ்க்கை மாறுகின்றது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகின்றது. அந்நீர் பெல்சுபார் என்னும் கனியத்தைத் தாக்கிச் சோடியம், கல்சியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் கரைத்துக் கொண்டு செல்ல, எஞ்சுவது களிமண். இத்தகைய மாற்றத்தை வெந்நீர் இன்னும் விரைவாகச் செய்யும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நேயர்கள் அறிவீர்கள். அங்கே எரிமலை எதுவுமில்லை. பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்திற்குச் சென்ற நீர் நிலத்தின் உட்சூட்டைப் பெற்று மீண்டும் மேலெழுகின்றது. சென்ற வழியிற் கல்லிலிருந்து சிலவற்றைக் கரைத்தும் வருகின்றது.

இனி, கல் எவ்வளவு இழந்தது என்று கணிப்பது எங்ஙனம்? புதுக் கல்லையும் உக்கிய கல்லையும் ஆய்வுகூடத்திற் பகுத்து, நூற்றுவீதங்களை ஒப்பிட்டாற் போதுமென்று தோன்றும். இங்கேதான் ஏமாற்றம் இருக்கின்றது. நூற்றுவீதங்களின் கூட்டுத்தொகை என்றும் நூறே. ஒன்று குறைந்தால், வந்து சேராத மற்றொன்று கூடியது போலக் காட்சியளிக்கும்.

இதனை நம் கடற்கரைக் கருவாட்டைக் கொண்டு விளக்கலாம். நூறு இறாத்தல் பச்சைமீனிற் பத்து இறாத்தல் முள் இருப்பதாகக் கொள்வோம். உப்பின்றி வெயிலிற் காயவைத்தபின் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு முள்ளாக இருந்தால், முள் வளர்ந்துவிட்டதென்று எவரும் சொல்லார். முள் அதே பத்து இறாத்தல்தான். முழு மீனும் நாற்பது இறாத்தலாகக் குறைந்தது. மாறாத பொருளொன்றை அளவுகோலாகக் கொண்டால் மாறியவற்றின் கணக்குத் தானே வெளிப்படும்.

கல்லுக்கு முள்ளாக அமைவன சிர்க்கோனியம், தைத்தானியம் முதலிய தனிமங்கள். இவை அடங்கிய சிர்க்கோன், றூற்றைல் என்னும் கனியங்கள் மழைநீருக்கு எளிதிற் கரைவன அல்ல. இதற்குச் சான்று வேண்டின் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரைக்குச் செல்லுங்கள். அங்குள்ள கரிய மணல் இல்மனைற்று, றூற்றைல், சிர்க்கோன் ஆகியவற்றின் பெருஞ் சேமிப்பு. மலைநாட்டுப் பாறைகள் உக்கி, மற்றவை கரைந்தும் களியாகியும் போனபின், இந்த மணிகள் ஆற்றோடு உருண்டு கடலையடைந்து, அலையாலும் நீரோட்டத்தாலும் தெரிந்தெடுக்கப்பட்டுக் கரையிற் குவிந்தன. 1957 ஆம் ஆண்டில் இதற்கெனவே அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று தோன்றியது. பாறை தன் செல்வத்தை இழந்த கதையும், நாடு அச்செல்வத்தைப் பெற்ற கதையும் அக்கரையில் ஒன்றாகின்றன.

இப்போது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் கொண்டவை. புதுக் கல்லின் ஒரு தொன்னில் 200 கிராம் சிர்க்கோனியமும், உக்கிய கல்லின் ஒரு தொன்னில் 250 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். 200ஐ 250ஆல் வகுத்தால் 0.8. ஆகவே 100 கிலோ கல் 80 கிலோவாகியது. புதுக் கல்லிற் சிலிக்கா நூற்றுக்கு 65, உக்கிய கல்லில் 60 எனின், ஐந்துதான் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் 80 கிலோவில் நூற்றுக்கு 60 என்பது 48 கிலோ. உண்மையான இழப்பு 17 கிலோ. அலுமினா 16இலிருந்து 20ஆக உயர்ந்திருப்பின் அது கூடியதாகத் தோன்றும். 80 கிலோவில் நூற்றுக்கு 20 என்பதோ அதே 16 கிலோ. அலுமினா அசையவேயில்லை. அடர்த்தியையும் அளந்து, அது 2.7இலிருந்து 2.16ஆகக் குறைந்தது எனக் கண்டால், கல்லின் கனவளவு மாறவில்லையென்பதும் விளங்கும். இழப்பு முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்டுளைகளாகக் கல்லின் உள்ளேயே ஒளிந்திருக்கின்றது. உருவம் மாறாது உறுதி போனதன் காரணம் இதுவே.

எடையையும் கனவளவையும் இணைத்து இக்கணக்கைச் சமன்பாடாக வகுத்தவர் கிரெசென்சு என்னும் அறிஞர், ஆண்டு 1967. கிராண்டு என்பவர் 1986இல் அதனை எளிய வரைபடமாக்கினார். புதுக் கல்லின் அளவுகளைக் கிடையாகவும் மாறிய கல்லின் அளவுகளை நிலைக்குத்தாகவும் குறித்தால், அசையாத தனிமங்கள் தொடக்கப் புள்ளியினூடு செல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கோட்டின் மேலே நிற்பவை வந்து சேர்ந்தவை. கீழே நிற்பவை போய்விட்டவை.

எனினும் எச்சரிக்கை வேண்டும். ஒரு தனிமத்தை மட்டும் நம்பலாகாது. சில வெந்நீர்களிற் சிர்க்கோனியமும் கரைந்து நகரக்கூடும். பல தனிமங்கள் ஒரே கோட்டில் நின்றாற்றான் சான்று உறுதிப்படும். ஒப்பிடும் இரு கற்களும் முன்பு ஒரே கல்லாயிருந்தன என்பதையும் முதலில் நிலைநாட்டல் வேண்டும். பட்டை பட்டையாக வேறுபடும் நம் பாறைகளில் இது எளிதன்று. அயற்பட்டையின் கல்லை எடுத்து ஒப்பிட்டவன் பிறன் வீட்டுக் கணக்கைத் தன் வீட்டுக் கணக்காக எழுதியவனாவான்.

கல்லை விட்டுப் போனது எங்கே போயிற்று என்ற வினா நம் வாழ்க்கையைத் தொடுகின்றது. அதன் ஒரு பகுதி பயிருக்கு உணவாகின்றது. ஒரு பகுதி கடலைச் சேருகின்றது. ஒரு பகுதி நம் கிணற்றில் இருக்கின்றது. மைக்கா, அபற்றைற்று முதலிய கனியங்களிலிருந்து நீங்கும் புளோரைட்டு, வறண்ட வலயத்தின் பல பகுதிகளிற் கிணற்று நீரில் மிகுந்து, வளரும் பிள்ளைகளின் பற்களிற் கறையாகப் படிகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நீரைக் கொதிக்கவைத்தால் இத்தீங்கு நீங்குமென்று நம்புவோர் கருவாட்டுக் கணக்கை நினைவிற் கொள்வார்களாக. ஆவியாவது நீர், தங்குவது புளோரைட்டு. கொதிக்கக் கொதிக்க அதன் பங்கு கூடுமேயன்றிக் குறையாது. கொதித்த நீர் கிருமிக்கு மருந்து. கல்லிலிருந்து வந்த பொருளுக்கு மருந்தன்று. ஆகவே கிணறு தோண்டுவோர், நீர் தெளிந்திருக்கின்றது, இனிக்கின்றது என்பதோடு அமையாது, அதனை ஒருமுறை பரிசோதிப்பித்துப் பருகுதல் நன்று. கல் இழந்ததைக் கணக்கிடக் கற்ற நாம், அதனைப் பெற்றவர் யாவரென்பதையும் கணக்கிடுதல் வேண்டும்.