ஒரு பானைக் கூழும் பக்கத்து வீடும்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



லயத்தில் இருப்பவருக்குப் பக்கத்து வீட்டாரைத் தெரியாமல் போகாது. ஒரே சுவர்தானே, அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். இப்போது பல தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் வந்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால், வேறு டிவிசனிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டாரின் பேர்கூடப் பலருக்குத் தெரியாது. ராத்திரியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், மழையில் மண்மேடு சரிந்தால், யார் கதவைத் தட்டுவது?

யாழ்ப்பாணத்தாரிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஒடியற்கூழ். பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். பெரிய பானையில் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் வேகவிட்டு, ஒடியல் மாவையும் புளியையும் கரைத்து ஊற்றிக் காய்ச்சுவார்கள். இரண்டு பேருக்கென்று காய்ச்சுகிற சாப்பாடு இல்லை இது. ஆகவே உறவும் அயலும் கூடும். ஒருவர் நண்டு கொண்டுவருவார். ஒருவர் வளவுக் கிழங்கைப் பிடுங்கி வருவார். ஒருவர் விறகு கொத்துவார். பிறகு முற்றத்து மரநிழலில் உட்கார்ந்து, பலா இலையைக் கோலிக் குடிப்பார்கள்.

விருந்து வைத்தால், வைத்தவர் பெரியவர், சாப்பிட்டவர் கடன்காரர். திருப்பி வைக்க வசதியில்லாதவர் அடுத்தமுறை வரமாட்டார். கூழ்ப் பானையிலோ எல்லார் பங்கும் கரைந்துவிடும்; யாருக்கும் யாரும் கடனில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே யாழ்ப்பாணத்தில் சாதியைச் சொல்லிச் சிலரைத் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடாத காலம் இருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் அதற்குச் சாட்சி. சொந்தக்காரரை மட்டும் கூப்பிட்டால் கூழும் ஒரு வேலிதான். நம்ம தோட்டத்தில் அந்த வேலி இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

நமக்கு நண்டு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலைந்து வீடுகள் சேருங்கள். ஒரு வீட்டு மா, ஒரு வீட்டுத் தேங்காய், ஒரு வீட்டுக் கட்டச்சம்பல். ரொட்டி சுட்டு, சாயத்தண்ணி ஊற்றினால் போதும். சாராயம் வேண்டாம், அது வந்தால் பெண்களும் பிள்ளைகளும் எழுந்து போய்விடுவார்கள். இதுவரை பேசாத வீட்டை முதலில் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் பேர், தனியாக இருக்கும் வயதானவர் யார், யாருக்கு என்ன வருத்தம் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள்.

வருகிற ஞாயிறு யார் வீட்டு முற்றத்தில்? இன்றைக்குக் கலைந்து போகுமுன் பேசி முடிவு செய்யுங்கள்.