கலங்கலில் வழியும் கல்வி
(மறைமலை நகரில் ஆற்றிய உரை)



வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர் இது. "பொறியியலுக்குத் தமிழில் சொல் ஏது?" என்று இங்கும் சிலர் வினவுகின்றனர். அவர்க்கு வையை அணை விடை கூறும்.

1886-இல் ஆங்கில அரசு திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக்கு உடன்படிக்கை செய்துகொண்டது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தது. மேற்கே கடலில் விழுந்த நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பியது. அந்நீர் முதலில் வந்தது உழவுக்கு. மின்னாக்கத்துக்கான துணை உடன்படிக்கை 1970-இல்தான் ஏற்பட்டது. மலையடியில் மின்விசை தந்த நீர், கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, 1959-இல் திறக்கப்பட்ட வையை அணையை அடைகின்றது.

அவ்வணையடியில் ஒரு சிறு மின்நிலையம் உண்டு. பொறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 3 மெகாவாட்டு. வயலுக்கும் குடிநீருக்கும் திறக்கும் நீரே அவற்றைச் சுழற்றுகின்றது. நீரின் உயரமும் அளவும் குறைந்தால் மின்விசையும் குறையும். சுழலியைத் தள்ளிய நீர் துளியும் குறையாமல் ஆற்றுக்கே செல்கின்றது. ஆங்கே உழவே தலைமை. மின் அதன் துணை.

இதில் எதற்குத் தமிழில் சொல் இல்லை? மிகைநீர் வழிவதை நாம் கலங்கல் என்கிறோம். வையை நாட்டார் கலுங்கு என்பர். நமக்கு ஏரி, அவர்க்குக் கண்மாய். மதகு, மடை, தூம்பு, வாய்க்கால் எனச் செயல்தோறும் பெயர் வைத்தவன் எழுத்தறியா உழவன்! அவன் வழிவந்த நாம் சுழலி, மின்னாக்கி, மின்மாற்றி, அழுத்தக்குழாய் எனச் சொல்ல நாணுவதோ?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. மதகு திறந்தது, மகிழ்ந்தோம். ஆனால் தமிழில் பயின்றான் என்பதற்காகவே ஓர் இளைஞனுக்கு வேலைவாயில் அடைபடுமாயின், அக்கல்வி எந்த வயலுக்கும் பாயாமல் கலங்கலில் வழிந்தோடும் நீரேயன்றோ?

ஆகவே இளைஞர்காள்! நீங்கள் இயக்கும் பொறியின் உறுப்புகளை இன்றே தமிழில் அழையுங்கள். பயிற்சியும் கையேடும் எச்சரிக்கைப் பலகையும் தமிழில் வேண்டுமென ஒன்றுபட்டுக் கேளுங்கள். பொறியில் கை வைப்பவன் படித்துணர இயலாத எச்சரிக்கை யாரைக் காக்கும்? இஃது இரப்பன்று, உரிமை!

வெல்க தமிழ்!