‘சொன்னா கேட்க மாட்டான்’: நான் தப்பா எழுதின ரிப்போர்ட்

ஏடிஹெச்டி எபிசோட் வந்ததும் நிறைய பேர் மெசேஜ் பண்ணீங்க, ‘எங்க அக்கா பையனுக்கும் இருக்கும்போல’ன்னு. அதனால இன்னைக்கு, நான் தப்பா முடிவு பண்ண ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியரா சேர்ந்த புதுசு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா கொல்லிமலை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பையன். டீச்சர் சொன்னாங்க: “ஒரு இடத்துல உட்கார மாட்டான் சார். சொன்னா கேட்க மாட்டான்.”

என் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது. கவனம் சிதறுதா? டிக். வேலையைப் பாதியில் விடறானா? டிக். பேசும்போது கவனிக்கலையா? டிக். இருபது நிமிஷத்தில் ‘ஏடிஹெச்டி இருக்கலாம்’னு எழுதிட்டேன். நான் எழுதின ‘இருக்கலாம்’, ஒரே மாசத்தில் ‘இருக்கு’ன்னு ஆயிடுச்சு. மத்த பிள்ளைங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு அவனைக் கடைசி வரிசைக்கு மாத்திட்டாங்க.

அவங்க அம்மா மட்டும் ஒத்துக்கலை. “மிளகு பறிக்கக் கூட்டிட்டுப் போனா மத்தியானம் வரைக்கும் கூடவே நிப்பான் சார். என்ன, கூப்பிட்டா திரும்ப மாட்டான். தோளைத் தொடணும்.”

பதில் அதிலேயே இருந்தது. நான்தான் கவனிக்கலை.

பல மாசம் கழிச்சு நாமக்கல்லில் காது டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு காதுலயும் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கிற சின்னப் பிள்ளைங்களுக்கு இது சகஜம். பெரும்பாலும் வலிக்காது, அதனால யாருக்கும் தெரியாது. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு வெளியே பேசறதைக் கேட்கிற மாதிரி இருக்கும். டீச்சர் சொல்றது புரியலைன்னா, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்க்க எழுந்துதானே போவான்? அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் கடைசி வரிசையில் உட்கார வெச்சோம்.

டாக்டர்கள் பயன்படுத்துற டிஎஸ்எம்-5 கையேடு தெளிவாச் சொல்லுது: அறிகுறிகள் 12 வயசுக்கு முன்னாடியே தெரியணும், குறைஞ்சது ஆறு மாசம் நீடிக்கணும், வீடு, பள்ளின்னு ரெண்டு இடத்திலாவது இருக்கணும். வேற காரணமும் இருக்கக் கூடாது. காது, கண், தூக்கம், ரத்தசோகை, சில வினாடி வெறிச்சுப் பார்க்க வைக்கிற ஒருவகை வலிப்பு, எல்லாமே கவனக்குறைவு மாதிரி தெரியலாம். வயசு கூடத்தான். கனடாவில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவங்களுக்கு ஏடிஹெச்டின்னு சொல்லப்பட்டது 30 சதவீதம் அதிகம். கிட்டத்தட்ட ஒரு வயசு சின்னப் பிள்ளைங்க, அவ்வளவுதான்.

இதை வெச்சு ஏடிஹெச்டியே பொய்னு சொல்லாதீங்க. அது நிஜம். ஜன்னலைப் பார்த்துக்கிட்டு அமைதியா உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைங்களுக்குப் பல நேரம் கண்டுபிடிக்கறதே இல்லை. மருந்து எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

அரசுப் பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைங்களைப் பரிசோதிக்க 2013-லிருந்து ஆர்பிஎஸ்கே திட்டம் இருக்கு. அந்தக் குழு வரும்போது காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

அந்தப் பையன் காதில் சின்னக் குழாய் வெச்சாங்க. இப்போ முதல் வரிசையில் உட்கார்றான். ஆனா வாசிப்பில் ஒரு வருஷம் பின்தங்கிட்டான், அது என் கணக்கு. என் பழைய ரிப்போர்ட் மேல காது டெஸ்ட் ரிசல்ட்டை நானே போய்ப் பின் பண்ணிட்டு வந்தேன்.

அடுத்த முறை யாராவது ‘சொன்னா கேட்க மாட்டான்’னு சொன்னா, முதல்ல அவனுக்குக் கேட்குதான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.