அம்புலிமாமா சித்திரக்காரர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு கையிலே உருவிய வாள். தோளிலே பிணம். சுற்றிலும் சுடுகாட்டு இருள். அரசன் அஞ்சாமல் நடக்கிறான். இவ்வளவு சொன்னதும் உங்களிற் பலர் ‘விக்கிரமாதித்தன்’ என்று மனத்துக்குள்ளே சொல்லியிருப்பீர்கள். அந்தச் சித்திரத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வோம்?

அவர் பெயர் கே. சி. சிவசங்கரன். ‘சங்கர்’ என்றே வாசகர் அறிவர். 1924ஆம் ஆண்டு கொங்கு நாட்டுக் காரத்தொழுவு என்னும் ஊரிற் பிறந்தவர். சென்னையிற் படிக்கும்போது இவருடைய கைத்திறனைக் கண்டுகொண்டவர் பள்ளிக்கூடத்துச் சித்திர உபாத்தியாயர். பீ.ஏ. படிக்கப் போகாமல் ஓவியக் கலாசாலையிற் சேரும்படி வழிகாட்டியவரும் அவரே. அக்காலத்தில் அக்கலாசாலையின் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படிப்பு முடிந்ததும் 1946இல் ‘கலைமகள்’, 1952இல் ‘அம்புலிமாமா’. அங்கே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்தார். பின்னர் ‘இராமகிருஷ்ண விஜயம்’ சஞ்சிகைக்கும் வரைந்தார்.

1947இல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அந்தச் சஞ்சிகை, பத்துக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் பரவியது. ஒரு காலம் சிங்களத்திலும் வந்தது. எழுத்து மொழிக்கு மொழி மாறும், சித்திரம் மாறாது. வாசிக்கத் தெரியாத குழந்தையும் ஆச்சியின் மடியிலிருந்து அதைப் பார்த்தே கதையை அறிந்துகொள்ளும். ஆகையால் சித்திரக்காரர் கதையை முதலில் முழுதும் படிக்கவேண்டும். எந்தக் கணத்தை வரைந்தால் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டும் என்று தேர்ந்துகொள்ளவேண்டும். அரசனுக்கு முடி, முனிவருக்குச் சடை, குடியானவனுக்கு வேட்டி என்று ஒவ்வொன்றையும் பிசகாமற் காட்டவேண்டும். இது சின்ன வேலையன்று.

2020 செப்டெம்பரில், தொண்ணூறைக் கடந்த வயதில் அவர் மறைந்தார். அதன் பின்னரே, 2021இல், இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். நான் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவன். ஒருநாள் கொப்பிகளைத் திருத்தும்போது, ஒரு மாணவனின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே வேதாளத்தைக் கண்டேன். பென்சிலால் வரைந்தது, கால் விரல்கள்கூடச் சரியாக இருந்தன. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, “முதலிற் கணக்கைச் செய்” என்றேன். அவன் கணக்கை நன்றாகவே செய்தான். அதன் பிறகு அவன் கொப்பியிற் சித்திரம் எதையும் நான் காணவில்லை. அன்று அதை என் வெற்றி என்று எண்ணினேன்.

சங்கருக்கு வாய்த்த உபாத்தியாயர் அவனுக்கு வாய்க்கவில்லை. இன்றும் வேதாளம் முருங்கை மரம் ஏறுவதுபோல, சோதனை நெருங்கும்போதெல்லாம் சித்திர பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறோம்.

வாலிபர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நமது வாசிகசாலையில் ஒரு மேசை போடுங்கள். வெள்ளைத் தாளும் வர்ணப் பெட்டியும் வையுங்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களிற் பிள்ளைகள் வந்து பனங்கூடலையும் கிடுகுவேலியையும் கோயில் தேரையும் வரையட்டும். எல்லாரும் சங்கராக வேண்டியதில்லை. ஒருவர் பக்கத்தையும் கிழிக்காதிருந்தால் போதும். வர்ணப் பெட்டிக்கு வேண்டிய பணத்தை நான் தருகிறேன்.