முன்னால் கேள்வி, பின்னால் ரசீது



பகல் முழுவதும் வேலை செய்து களைத்து வந்திருக்கிறீர்கள். கொழுந்து பறித்தவர்கள் இருக்கிறீர்கள். ஏலத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். அதனால் நீண்ட நேரம் பேச மாட்டேன். டாக்டருக்கு நாம் கையில் கொடுக்கும் பணத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

கடையில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கப் போகிறோம். முதலில் என்ன செய்கிறோம்? விலை கேட்கிறோம். டாக்டரிடம் போனால் கேட்கிறோமா? இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். சரியாகப் பார்க்க மாட்டாரோ என்று பயம். அந்தக் காலத்தில் வைத்தியருக்கு வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடுத்தோம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். லயத்தில் இருந்து ஜீப்பில் ஏற்றி, மலை இறங்கி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "பணம் கட்டுங்கள்" என்றார்கள். கட்டினோம். மறுநாளும் கேட்டார்கள். கட்டினோம். அம்மாவின் கம்மலை அடகு வைத்தோம். சில பணத்துக்கு ரசீது தந்தார்கள். சில பணத்துக்குத் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா நல்லபடியாக வீடு திரும்பினார். பிறகுதான் தெரிந்தது, தகரப் பெட்டிக்குள் இருந்த இன்சூரன்ஸ் அட்டை அந்த ஆஸ்பத்திரியிலேயே செல்லும் என்று! கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டோம். "முதலிலேயே அட்டையைக் காட்டியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கம்மலை மீட்க ஒன்றரை வருஷம் ஆனது.

தப்பு யாருடையது? அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இந்த நஷ்டம் உங்களுக்கு வரக் கூடாது.

இடுக்கி மலையில் இருந்தாலும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இருந்தாலும், நாம் வைத்தியத்துக்குப் போகும் இடங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் பணத்தின் வழி வேறு.

முதலாவது, எஸ்டேட் டிஸ்பென்சரி. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் தோட்ட முதலாளி மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2020ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவ வசதி தர வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. இது தர்மம் அல்ல. நம் உரிமை.

இரண்டாவது, அரசு ஆஸ்பத்திரி. அங்கே சீட்டுக்கோ சோதனைக்கோ பணம் கேட்டால் கவுண்டரில் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். டாக்டர் கையில் எதுவும் கொடுக்க வேண்டாம். கேரளத்தில் சுகாதாரத் துறை டாக்டர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு தங்கள் வீட்டில் நோயாளியைப் பார்க்க அனுமதி உண்டு. அங்கே பார்த்ததற்குக் கொடுப்பது கட்டணம். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் செய்யப் போகும் ஆபரேஷனுக்காக வீட்டில் போய்ப் பணம் கொடுத்தால், அதற்குப் பெயர் லஞ்சம். வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினால், 7 நாளுக்குள் போலீசிடமோ விஜிலன்சிடமோ சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் கொடுத்தவர் மேல் குற்றம் வராது. கேரள விஜிலன்ஸ் போன் எண் 1064.

மூன்றாவது, தனியார் ஆஸ்பத்திரியும் தனி டாக்டரும். இங்கே கட்டணம் கொடுக்க வேண்டியதுதான். டாக்டர் படித்தவர், உழைப்பவர். அவர் கூலியை நாம் மறுக்கவில்லை. எவ்வளவு என்று கேட்பதில் தப்பே இல்லை. டாக்டர் தம் கட்டணத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2002இல் இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட விதி. கேரளத்தில் 2018இல் வந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் கட்டணத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கச் சொல்கிறது.

அந்தப் பலகை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருக்கும். நாம் படித்தது தமிழ். ஆனாலும் என்ன? 300 என்ற எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். எண்ணை நீங்களே படியுங்கள். எதற்கு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேரும் முன் அட்டையைக் காட்டுங்கள். கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் கிடைக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்குத்தான் கிடைக்கும். சும்மா டாக்டரைப் பார்த்து வருவதற்குக் கிடைக்காது. எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் இதில் சேரவும் இல்லை. எல்லை தாண்டிக் கோவைக்கோ தேனிக்கோ போகிறவர்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். "இந்த அட்டை இங்கே செல்லுமா? இந்த நோய்க்குச் செல்லுமா?" இந்த இரண்டு கேள்வி போதும்.

உயிர் போகிற அவசரம் என்றால்? பணம் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்குப் பணம் இல்லை. அவசரத்தில் உயிரைக் காப்பது அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்புச் சொன்னது.

இனி ரசீது. அது ஏன் வேண்டும்? 1995 நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்புச் சொன்னது. பணம் கொடுத்து வைத்தியம் பார்ப்பவர் நுகர்வோர் என்றது. அதாவது, வைத்தியத்தில் டாக்டர் கவனக்குறைவாக இருந்து நமக்குக் கெடுதல் வந்தால், நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். நோய் குணமாகவில்லை என்பதற்காக மட்டும் கேட்க முடியாது. கவனக்குறைவைக் காட்ட வேண்டும். இந்த ஆணையம் மாவட்டம்தோறும் இருக்கிறது. 2 வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே முதல் கேள்வி என்ன தெரியுமா? "பணம் கொடுத்ததற்கு என்ன சாட்சி?" ரசீதுதான் சாட்சி. வாயால் சொன்னால் போதாது.

ரசீதை வாங்கியதும் நான்கு விஷயம் பாருங்கள். நோயாளி பெயர் சரியா? தேதி சரியா? எதற்குப் பணம் என்று இருக்கிறதா? கொடுத்த தொகையும் எழுதிய தொகையும் ஒன்றா? நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது இதற்கும் உதவும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இன்சூரன்ஸ் அட்டை, ரேஷன் அட்டை, பழைய சீட்டு, ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே பையில் போடுங்கள். பையைக் கதவுப் பக்கம் ஆணியில் மாட்டுங்கள். மேலே 108 என்று உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

என் அம்மாவின் அட்டை இப்போது அப்படித்தான் தொங்குகிறது. உங்கள் வீட்டிலும் தொங்கட்டும்.